வேலியோரச் செடியும் அடங்காத கிருமியும்

பச்சைமலை அடிவாரத்திலும் அரியலூர்ச் செம்மண் காட்டிலும் முளைக்கும் செடிகளில் கிருமிகளுக்கு மருந்து இருக்கிறதா? சோதனைக்கூடங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. பதில் எங்கே நிற்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும்?

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும் நாளில் கையில் கீறல் இல்லாமல் வீடு திரும்புகிறவர்கள் குறைவு. காய்ந்த தோகை விரலிடுக்கை அறுக்கும். அவசரத்தில் அறுவாள் நுனி ஆள்காட்டி விரலில் இறங்கிவிடும். ரத்தத்தைப் பார்த்ததும் பக்கத்து வரிசையில் நிற்கிற அக்கா வரப்புக்கு ஓடுவார். நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெள்ளையுமாகக் குட்டிப் பூ பூத்துக் கிடக்கும் பூண்டை நாலு கிள்ளு கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, பச்சைச் சாற்றைக் காயத்தின் மேல் பிழிவார். "எரியும், பொறுத்துக்க" என்பார். துணியைக் கிழித்து ஒரு கட்டு. சற்று நேரத்தில் விரல் மறுபடி கதிரைப் பிடித்துவிடும்.

அது வெட்டுக்காயப் பூண்டு.

அதே பூண்டு, திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கும் போகிறது. நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்தால் கரும்பச்சைப் பிசின் மிஞ்சும். கிருமி தடவிய கண்ணாடித் தட்டின் நடுவே அந்தப் பிசினில் தோய்த்த சிறு வட்டத் தாளை வைத்து, 37 டிகிரி சூட்டுப் பெட்டியில் இரவெல்லாம் விடுகிறார்கள். காலையில் தட்டை வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடிக்கும்போது, தாளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான ஒரு வளையம் தெரிந்தால், ஆய்வு செய்யும் மாணவிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அத்தனை சந்தோஷம்.

வரப்புக்கும் அந்தத் தட்டுக்கும் இடையில் நடந்திருப்பது நிறைய. தட்டிலிருந்து ஒரு நோயாளியின் கைக்கு வரும் பாதையில் நடந்திருப்பது மிகக் குறைவு. இந்தக் கட்டுரையின் அக்கறை அந்த இரண்டாவது பாதையைப் பற்றியது.

மருந்து தோற்கும் காலம்

காய்ச்சல் வந்தால் மருந்துக்கடைக்குப் போய், "ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குவது நம் ஊர்களில் சாதாரணம். சரியானதும் மீதி மாத்திரை அலமாரியில் தூங்கும். தேவையில்லாமல் தின்ற மாத்திரையும், தேவையான அளவு தின்னாத மாத்திரையும் சேர்ந்து கிருமிக்குப் பயிற்சி கொடுத்திருக்கின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழ் 2022இல் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 2.97 லட்சம்.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. கடைசி ஆயுதமாகக் கருதப்பட்ட கார்பபெனம் வகை மருந்துகளையும் சிதைத்துவிடும் என்.டி.எம்.-1 நொதியைப் பற்றி 2010இல் வெளியாகி உலகையே உலுக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் ஆராயப்பட்ட கிருமிகளில் சென்னையில் எடுத்தவையும் இருந்தன. 2012இல் நாடெங்குமுள்ள மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு செயல்திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று அது பெயர் பெற்றது. 2014 மார்ச் முதல், முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்-1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது.

பழைய மருந்து தோற்கிறது. புதிய மருந்துக்குப் பெரிய நிறுவனங்கள் பணம் போடத் தயங்குகின்றன. ஐந்து நாள் தின்று நிறுத்திவிடும் மாத்திரையில் லாபம் குறைவு. கண்கள் செடிகளின் பக்கம் திரும்பியதற்கு இது பெரிய காரணம்.

முள்ளுக்காட்டில் என்ன இருக்கிறது?

பெரம்பலூரும் அரியலூரும் பசுமைக்குப் பேர்போன மாவட்டங்கள் அல்ல. மேற்கே பச்சைமலை; திருச்சி, சேலம், பெரம்பலூர் என மூன்று மாவட்டங்களிலும் அது கால் பதித்து நிற்கிறது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். நடுவில் கரிசலும் செம்மண்ணும் சுண்ணாம்புப் பாறையும். ஒரு காலத்தில் கடல் மூடிக் கிடந்த பூமி இது. சாத்தனூரின் கல்மரமும் காரைப் பள்ளங்களின் கடற்சிப்பிகளும் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் இன்றைக்கு அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி.

இந்த மண்ணில் வளரும் காடு குட்டையானது, முள் நிறைந்தது. உசிலை, காரை, சூரை, வெப்பாலை, ஆவாரை, பிரண்டை, கள்ளி. ஓரங்களில் குப்பைமேனி, தும்பை, நாயுருவி, வேலிப்பருத்தி, நொச்சி. மழைக்காட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வெறும் புதர். வேதியியலாளரின் கண்ணுக்கு அப்படித் தெரியாது. ஆடு கடிக்கும், வெயில் சுடும், பூஞ்சையும் புழுவும் தாக்கும். ஓடி ஒளிய முடியாத செடி, தற்காப்புக்காகத் தன் உடம்புக்குள்ளேயே கசப்பையும் காரத்தையும் நஞ்சையும் சமைத்து வைத்துக்கொள்கிறது. நாம் மருந்து என்று தேடுவது அந்தத் தற்காப்புச் சரக்கைத்தான்.

பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும், அடிவாரத்து ஊர்களின் நாட்டு வைத்தியர்களுக்கும் இந்தச் சரக்கு எதில் எப்போது நிறையும் என்பது தெரியும். எந்தப் பருவத்தில் வேர் எடுக்க வேண்டும், எந்தச் செடியைப் பூக்குமுன் பறிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதை ஆய்வகங்கள் பெரும்பாலும் குறித்துக்கொள்வதே இல்லை. ஒரே செடியில் பருவத்துக்குப் பருவம், மண்ணுக்கு மண் வேதிப்பொருள் மாறும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கும் செய்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெட்டுக்காயப் பூண்டு இந்த மண்ணின் செடியே அல்ல. வெப்ப அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து இங்கே களையாகப் பரவியது. வந்த செடியைக் கவனித்து, கசக்கிப் பார்த்து, காயத்துக்கு ஆகும் என்று முடிவு செய்தவர்கள் நம் வயல்காட்டு மக்கள். கிராமத்து மருத்துவம் ஓலைச்சுவடியோடு நின்றுவிட்ட ஒன்று என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு பூண்டைப் பார்த்தால் போதும்.

——————————
பெட்டிச் செய்தி: தட்டில் நடப்பது என்ன?

• செடியை முதலில் தாவரவியலாளர் அடையாளம் காண வேண்டும். உலர்த்தி ஒட்டிய மாதிரி ஒன்றை உலர்தாவரக் காட்சியகத்தில் வைக்க வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரக் காட்சியகம் இந்தப் பகுதிக்கு அடைக்கலம்.

• ஹெக்சேன், குளோரோஃபார்ம், எத்தில் அசிடேட், மெத்தனால், தண்ணீர் எனப் பல கரைப்பான்களில் சாறு இறக்குவார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை இழுத்து வரும்.

• முல்லர்–ஹின்டன் ஊட்டக்கூழ் ஊற்றிய தட்டில் கிருமியைத் தடவி, சாறு ஏற்றிய தாள்வட்டை வைப்பார்கள். தெரிந்த ஆன்டிபயாடிக் வட்டு ஒன்றும், வெறும் கரைப்பான் வட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கும்.

• மறுநாள் வளையத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள்.

• அடுத்த படி, கிருமியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த அளவைக் காண்பது. பல ஆய்வுகள் இந்தப் படிக்கு வருவதற்குள் முடிந்துவிடுகின்றன.
——————————

வளையம் சொல்வதும் மறைப்பதும்

தமிழ்நாட்டில் நடந்த இவ்வகை ஆய்வுகளில் உலக அளவில் பலரும் எடுத்துக்காட்டுவது, சென்னை லயோலா கல்லூரியின் துரைப்பாண்டியன், அய்யனார், இஞ்ஞாசிமுத்து ஆகியோர் 2006இல் வெளியிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியர் மக்கள் பயன்படுத்தும் 18 மருந்துச் செடிகளை எடுத்து, ஒன்பது பாக்டீரியாக்கள் மீதும் ஒரு பூஞ்சை மீதும் சோதித்தார்கள். பத்துச் செடிகள் ஏதாவது ஒரு கிருமியையாவது தடுத்தன. சின்னி, இயல்வாகை, மிளகரணை, ஆவாரை, மாதுளை, நாவல் இனத்துச் செடி ஒன்று ஆகியவை முன்னணியில் நின்றன. இவற்றில் ஆவாரை பெரம்பலூர்ச் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது. மாதுளை வீட்டுக் கொல்லையில் நிற்பது.

நேர்மையாகச் செய்த ஆய்வு அது. அதை ஒட்டி நூற்றுக்கணக்கில் வந்தவற்றைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனிக்கப்படாமல் போவது தெரியும். 2006 ஆய்வில் ஒரு தாள்வட்டில் ஏற்றிய சாற்றின் அளவு 1.25 முதல் 5 மில்லிகிராம் வரை. மருத்துவமனை ஆய்வகங்களில் பயன்படும் சிப்ரோஃப்ளாக்சசின் வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம். அதாவது 250 முதல் ஆயிரம் மடங்கு வரை வித்தியாசம். சாறு என்பது நூறு பொருள் கலந்த கலவை, மாத்திரை என்பது ஒரே பொருள். ஆகவே நேருக்கு நேர் ஒப்பிடுவதும் முழு நியாயமாகாது. ஆனால் இரண்டு வளையங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, "ஆன்டிபயாடிக்குக்கு நிகரான பலன்" என்று தலைப்புப் போடுவது படிக்கிறவர்களை ஏமாற்றுவதாகும். ஸ்பெயினின் வாலன்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரியோஸும் ரெசியோவும் 2005இலேயே எச்சரித்தார்கள்: ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் சாறு வைத்துச் செய்யும் சோதனையைத் தவிர்க்க வேண்டும், பிரித்தெடுத்த பொருளானால் அதில் பத்தில் ஒரு பங்குதான் எல்லை.

வளையம் இன்னொரு வழியிலும் தவறவிடும். தாளிலிருந்து பொருள் ஊட்டக்கூழுக்குள் ஊறிப் பரவினால்தான் வளையம் உண்டாகும். எண்ணெய்ப் பசையுள்ள, உருவில் பெரிய மூலக்கூறுகள் பரவாமல் தாளடியிலேயே நின்றுவிடும். நல்ல மருந்துப்பொருள் இருந்தும் தட்டு "இல்லை" என்று சொல்லும். பெரிய வளையம் என்பதால் பெரிய மருந்து என்றோ, வளையம் இல்லை என்பதால் வெறும் இலை என்றோ முடிவு கட்ட முடியாது.

வைத்தியர் தண்ணீரில் கஷாயம் போடுகிறார், எண்ணெயில் காய்ச்சுகிறார், பச்சையாகப் பிழிகிறார். ஆய்வகம் மெத்தனாலில் ஊறவைக்கிறது. பிறகு வைத்தியரின் அறிவு நிரூபணமாயிற்று என்றோ பொய்யாயிற்று என்றோ எழுதுகிறது. அவர் செய்த மருந்தை யாரும் சோதிக்கவே இல்லை! அவருடைய மருந்து கிருமியைக் கொல்லாமலேயே வீக்கத்தை வடித்து, தசையை வளர்த்துப் புண்ணை ஆற்றியிருக்கலாம். அதை அளக்க இந்தத் தட்டு போதாது.

சாறு இறக்கும் முறையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்குச் சீனத்தின் தூ யூயூ சாட்சி. மலேரியா மருந்து தேடிய அவருடைய குழு, ஒரு மாசிப்பத்திரி இனச் செடியைக் கொதிக்கவைத்துச் சாறு இறக்கியபோது பலன் நிலையாகக் கிடைக்கவில்லை. நாலாம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் நூலில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைப் படித்தபின், சூடு கெடுக்கிறது என்று ஊகித்து, தாழ்ந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைப் பயன்படுத்தினார். 1972இல் ஆர்ட்டிமிசினின் கைக்கு வந்தது. 2015இல் நோபல் பரிசும். பழைய வைத்தியர் எப்படிப் பிழிந்தார் என்பதை ஒருவர் கூர்ந்து படித்ததால் வந்த மருந்து அது.

அடங்காத வகை

பெரும்பாலான செடிச் சாறுகள் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் கிருமிகளிடம் வீரம் காட்டுகின்றன. கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினிட்டோபாக்டர் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளிடம் திணறுகின்றன. இவற்றுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருக்கிறது. அதையும் தாண்டி உள்ளே போகும் பொருளை இறைத்து வெளியே கொட்டும் பம்புகளும் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் திருத்தி வெளியிட்ட அடங்காத கிருமிகளின் பட்டியலின் உச்சியில் நிற்பவற்றில் காசநோய்க் கிருமி நீங்கலாக மற்றவை இந்த ரகம்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர்களைக் கலங்கடிப்பவையும் இவையே.

கிருமியின் பம்பைச் சமாளிக்கச் செடி தனக்காக ஒரு வழி கண்டிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர், மரமஞ்சளிலும் இருக்கிற பெர்பெரின் என்ற பொருளை ஆராய்ந்தார்கள். தனியாக அது பலவீனமானது. ஸ்டாஃபிலோகாக்கஸின் பம்பு அதை வெளியே தள்ளிவிடும். பெர்பெரினைத் தயாரிக்கும் பெர்பெரிஸ் இனச் செடிகள் இன்னொரு பொருளையும் தயாரிக்கின்றன. அந்தப் பொருளுக்குக் கிருமியைக் கொல்லும் திறனே இல்லை. அது பம்பை மட்டும் அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் வலுப்பெறுகிறது. ஒரு செடியைப் பிரித்துப் பிரித்து 'ஒரே மருந்துப்பொருளை'த் தேடுகிறவர்கள் வழியிலேயே மருந்தைத் தொலைத்துவிடலாம் என்பதை இந்த ஆய்வு காட்டியது. தோற்றுப்போன பழைய ஆன்டிபயாடிக்கோடு ஒரு செடிப்பொருளைச் சேர்த்து அதற்கு மறுபடி உயிர் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையும் இங்கிருந்து வருகிறது. இந்த ஊர்ச் செடிகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள் இந்தப் பக்கம் திரும்பினால் பலன் கிட்டும் என்பது என் துணிபு.

ஒரு செடியை விடாமல் பிடித்துக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். மிளகரணை 2006 பட்டியலில் முன்னணியில் நின்றதல்லவா? துரைப்பாண்டியனும் இஞ்ஞாசிமுத்துவும் அதோடு விடவில்லை. அதிலிருந்து ஃபிளின்டர்சின் என்ற பொருளைத் தனியே பிரித்து, அது கிருமிகளையும் பூஞ்சைகளையும் தடுப்பதை 2009இல் வெளியிட்டார்கள். பதினெட்டிலிருந்து ஒன்று, அந்த ஒன்றிலிருந்து ஒரு மூலக்கூறு. வேலை இப்படித்தான் ஆழமாகும்.

பல கல்லூரிகளில் இது நடக்காததற்கு மாணவர்கள் மேல் பழிபோட்டுப் பயனில்லை. எம்.எஸ்சி. மாணவிக்குத் திட்டப்பணிக்குக் கிடைப்பது சில மாதங்கள். மருத்துவமனையில் பிடித்த அடங்காத கிருமிகளைக் கையாளப் பாதுகாப்பான கூடம் இல்லை. பொருளைப் பிரித்து உருவம் காண வேண்டிய கருவிகள் தொலைவில், வரிசையில். அடுத்த ஆண்டு வேறொரு மாணவி, வேறொரு செடி, மறுபடி முதலிலிருந்து. 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பாக்டீரியாவைத் தடுப்பதாகப் பதிவான 958 தாவர இனங்களைப் பட்டியலிட்டது. இத்தனை பெயர்கள் சேர்ந்த பிறகும், உடலுக்குள் செலுத்தும் ஆன்டிபயாடிக்காகச் செடியிலிருந்து வந்த எதுவும் மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வரவில்லை.

கொல்லும் இலை நம்மையும் கொல்லும்

கரிசல் காட்டில் தரையோடு படரும் ஒரு செடி உண்டு. ஆடு வாய் வைக்காது, அதனால் ஆடுதீண்டாப்பாளை. பூச்சிக்கடி, தோல் நோய் என்று வைத்தியத்தில் பெரிய பேர் அதற்கு. கிருமிகளைத் தடுக்கும் என்று காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன. அதன் இனம் முழுவதிலும் பரவியிருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கக்கூடியது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்யப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. காரணம், கலந்திருந்த ஒரு அரிஸ்டோலோகியா இனச் செடி.

தட்டு இதைச் சொல்லாது. கிருமி செத்ததா என்று கேட்டால் செத்தது என்று மட்டும் சொல்லும். மனித உயிரணு என்னாகும் என்று தனியே கேட்க வேண்டும்; பெரும்பாலான கட்டுரைகள் கேட்பதில்லை. பிறகு அந்தக் கட்டுரையின் தலைப்பு யூடியூப் வீடியோவாகிறது, வீடியோ வாட்ஸ்அப் செய்தியாகிறது, கடைசியில் ஒரு வீட்டு அடுப்பில் கஷாயமாகக் கொதிக்கிறது. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் இருப்பவர்களுக்குப் பொறுப்பு உண்டு.

——————————
பெட்டிச் செய்தி: பழகிய செடி, பதுங்கிய நஞ்சு

• செங்காந்தள்: மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் பயிராகிறது. விதையில் உள்ள கோல்ச்சிசின் மூட்டுவாத மருந்துக்கு மூலப்பொருள். கிழங்கைத் தின்றால் உயிர் போகும்.

• எருக்கு: பாலில் இதயத்தைத் தாக்கும் பொருள்கள் உண்டு. கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும்.

• சேராங்கொட்டை: சுத்தி செய்யாமல் தொட்டாலே தோல் வெந்து கொப்பளிக்கும்.

• சீழ் பிடித்த புண், பரவும் சிவப்பு, காய்ச்சல், சர்க்கரை நோயாளியின் கால்புண்: இவற்றுக்கு இலை கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. துருப்பிடித்த இரும்போ மண்ணோ பட்ட காயத்துக்கு டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும்.
——————————

மாட்டுக் கொட்டகையில் திறந்த கதவு

மனிதருக்கான மாத்திரை தூரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே பலன் கொடுத்த இடம் ஒன்று உண்டு. அது மாட்டின் மடி.

கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது வழக்கம். ஊசி போட்ட மாட்டின் பாலை உடனே ஊற்றினால் மருந்து பாலோடு நம் வீட்டுக்கு வரும். ஊற்றாமல் நிறுத்தினால் அன்றைய கூலி போகும். கொள்ளிடத்துக்கு அக்கரையில், தஞ்சை மாவட்டத்தில் இருந்தபடி தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி நாட்டு மாட்டு வைத்தியத்தைத் தொகுத்து முறைப்படுத்தினார். மடிநோய்க்கு அவர் முறை எளிது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, மடி முழுக்க ஒரு நாளில் பலமுறை பூசுவது. தேசியப் பால்வள வாரியம் இதை எடுத்து நாடெங்கும் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொண்டுசென்றது.

இங்கே எந்த மூலக்கூறும் பிரித்தெடுக்கப்படவில்லை. எந்த அளவு, எத்தனை முறை, எந்த நிலையில் நிறுத்தி டாக்டரை அழைப்பது என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டது, கொட்டகையில் சோதிக்கப்பட்டது. ஊசி ஒன்று குறைந்தால் கிருமிக்குப் பயிற்சி ஒன்று குறைகிறது. கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலப்பதை 2019 ஜூலையில் இந்தியா தடை செய்ததும் இதே கவலையில்தான்.

மக்காச்சோளத்திலும் ஒரு வாசல் தெரிகிறது. தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடி உசிலை இலையிலிருந்து வருவது. அந்த உசிலையிலிருந்து ஆய்வாளர்கள் பிரித்த ஆல்கலாய்டுகள், மக்காச்சோளத்தைப் பிடிக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையையும் அது கக்கும் நஞ்சையும் கட்டுப்படுத்தின. மக்காச்சோள விளைச்சலில் முன்னணியில் இருக்கும் பெரம்பலூரின் காட்டோரமெல்லாம் உசிலை நிற்கிறது. ஈரத்தில் பூசணம் பிடித்து விலை போகாத மூட்டைகளைப் பார்த்து வயிறெரிந்த விவசாயிக்கு, உடலுக்குள் போகும் மாத்திரையைவிட இது சீக்கிரம் உதவக்கூடும்.

அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி. தோட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைக் கறுக்கவைத்துத் தோலுரிக்கும் எண்ணெயில் இருப்பது அனகார்டிக் அமிலம். 1990களில் கலிஃபோர்னியாவின் ஐசாவோ குபோ குழு, பருவைத் தூண்டும் கிருமியையும் பல்லை அரிக்கும் கிருமியையும் ஸ்டாஃபிலோகாக்கஸையும் இந்த அமிலம் தடுப்பதைக் காட்டியது. முந்திரி காட்டுச் செடி அல்ல, பிரேசிலிலிருந்து வந்து தோப்பானது. ஆனாலும் உள்ளூரில் மலையாகக் குவியும் கழிவு ஒன்றில் இவ்வளவு இருக்கும்போது, உள்ளூர் ஆய்வகங்கள் அதைக் கையில் எடுக்காமல் இருப்பது வருத்தமான விஷயம்.

கண்டுபிடித்தால் யாருக்குச் சொந்தம்?

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி 1997இல் ரத்து செய்ய வைத்தது. வேப்பெண்ணெயின் பூஞ்சைக்கொல்லித் திறனுக்கு ஐரோப்பாவில் தரப்பட்ட காப்புரிமை 2000இல் ரத்தானது. 2005இல் மேல்முறையீடும் தோற்றது. வெளிநாட்டோடு போராட நமக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊருக்குள் என்ன நடக்கிறது என்பதே கடினமான கேள்வி.

கேரளத்தில் காணி பழங்குடியினர் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டிக்கொடுத்தார்கள். திருவனந்தபுரத்துத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி 1995இல் உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. குறைகள் பிறகு வந்தன. இருந்தாலும் பங்கு கொடுப்பது சாத்தியம் என்று உலகுக்குக் காட்டிய முதல் சில உதாரணங்களில் ஒன்று அது.

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்கிறது. 2023இல் வந்த திருத்தம், நூல்களில் பதிவாகிவிட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பலனில் பங்கு கொடுக்கும் கடமையிலிருந்து விலக்கு அளித்தது. பச்சைமலை மூதாட்டி ஒருத்தியின் வாயில் மட்டும் இருக்கும் அறிவுக்கு இன்றும் பாதுகாப்பு உண்டு. அதே செடி, அதே பயன் ஒரு சித்த நூலில் இருக்கிறது என்று யாராவது காட்டிவிட்டால் அவளுடைய உரிமை என்னாகும்? எழுதிவைத்தவனுக்கு மட்டும் அறிவாளிப் பட்டம் கொடுத்த பழைய வழக்கம் சட்டத்தின் வழியாகத் திரும்பி வந்துவிடக் கூடாது. ஆய்வுக்கு வரும் மாணவர் முதல் நாளிலேயே வைத்தியரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவதும், அவர் விரும்பினால் கட்டுரையில் அவர் பெயரைப் போடுவதும், முடிவைத் தமிழில் அவருக்குப் போய்ச் சொல்வதும் செலவில்லாத கடமைகள்.

தரிசு என்று எழுதப்பட்ட மருந்துக்கடை

தேசிய மருந்துத் தாவர வாரியத்துக்காக நடந்த ஒரு கணக்கெடுப்பு 2008இல் வந்தது. ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் வணிகமாகும் 178 மருந்துத் தாவரங்களில் பயிரிட்டு வருபவை 36தான். காடுகளைத் தவிர, 46 இனங்கள் சாலையோரத்திலும் தரிசிலும் வயல் வரப்பிலும் பறிக்கப்படுகின்றன என்றது அது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் மருந்துச் செல்வம் பெரும்பாலும் அந்த 46 நிற்கும் இடங்களில்தான் நிற்கிறது. வருவாய்த்துறைக் கணக்கில் அந்த நிலங்களுக்குப் பெயர் தரிசு, புறம்போக்கு.

தரிசு என்று எழுதிவிட்டால் எடுத்துக்கொள்வது சுலபம். சுண்ணாம்புச் சுரங்கம் ஒரு பக்கம் தோண்டுகிறது. தைலமரத் தோப்பு இன்னொரு பக்கம் விரிகிறது. களைக்கொல்லி வரப்பு வரை வந்துவிட்டதால் தும்பையும் குப்பைமேனியும்கூடச் சில ஊர்களில் தேடிப் பறிக்க வேண்டியவை. மிச்சத்தைச் சீமைக்கருவேலம் மூடுகிறது.

இந்தச் செடிகளைக் காக்க ஒரு தொடக்கப் புள்ளி ஏற்கெனவே இருக்கிறது. பாதிரியார் கே.எம். மேத்யூவும் அவர் குழுவினரும் பல்லாண்டுகள் ஊர் ஊராக, குன்று குன்றாக அலைந்து சேகரித்து, 1980களில் தமிழ்நாட்டுக் கர்நாட்டிகப் பகுதியின் தாவரத் தொகுதியை வெளியிட்டார்கள். அவர்கள் ஒட்டிவைத்த ஏடுகள் ராபினட் காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு ஏட்டிலும் செடி பறித்த இடமும் நாளும் எழுதியிருக்கும். பெரம்பலூர், அரியலூர் ஊர்ப்பெயர் உள்ள ஏடுகளை மட்டும் தனியே எடுத்து, அந்தந்த ஊர்ப் பல்லுயிர்க் குழுவிடம் பட்டியலாகக் கொடுத்து, எது இன்னும் நிற்கிறது என்று ஒரு மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்க்கலாம். கல்லூரி மாணவர்களும் ஊர் வைத்தியர்களும் சேர்ந்தால் இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எந்தச் செடியை அடுத்து ஆழமாகச் சோதிப்பது, எந்தப் புறம்போக்கை முதலில் காப்பது என்ற இரண்டு முடிவுகளுக்கும் அந்த ஒரே பட்டியல் போதும்.